வேலி போடுமுன் யாரைக் கேட்க வேண்டும்?

இயற்கை விவசாயத்துக்கு வரும் நண்பர்கள் நிலம் வாங்கியதும் செய்கிற முதல் செலவு பெரும்பாலும் வேலிதான். விதை தேடுமுன், மாடு பிடிக்குமுன், மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்குமுன் கல்லுக்கால் ஏற்றிய லாரி வந்து நின்றுவிடுகிறது. "முதல்ல வேலியப் போட்டுடுவோம் சார், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று எங்கள் மங்களூர் ஒன்றியத்தில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டாயிற்று. திட்டக்குடி, பெண்ணாடம் பக்கம் வெள்ளாற்றங்கரையிலும், விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரையிலும் ஒரு வீடு, சுற்றி அரை ஏக்கர் தோட்டம் என்று வாங்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

வேலியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது காட்டுப்பன்றி புகுந்த கொல்லையைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வது வேறு. கம்பி என்ன விலை, கால் என்ன விலை என்று பத்து இடத்தில் விசாரிக்கிறோம். வேலி எந்தக் கோட்டில் வரும், வந்தால் எதையெல்லாம் மறிக்கும் என்று ஓர் இடத்திலும் விசாரிப்பதில்லை. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் கம்பிக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

கேட்க வேண்டியவர்கள் நான்கு பேர்: சர்வே கல், தண்ணீர், பக்கத்துக் கொல்லைக்காரர், அலுவலகம். இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். நம்மில் சிலர் கடைசி ஆளை மட்டும் கேட்கிறோம். பலர் யாரையுமே கேட்பதில்லை.

முதலில் கல்லைக் கேளுங்கள்

வங்கியில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த நிலப் பத்திரங்களுக்குக் கணக்கில்லை. கடன் கேட்டு வருபவர் பத்திரத்தில் பரப்பளவைத்தான் காட்டுவார். நாங்கள் பார்ப்பது அதற்குக் கீழே இருக்கும் செக்குபந்தியை. இன்ன சர்வே எண்ணுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு என்று நான்கு எல்லையும் அதில் இருக்கும். பரப்பளவும் நான்கெல்லையும் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் முதலிடம் தரும். ஆகவே வேலி போட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டியது தன் பத்திரத்தின் செக்குபந்தி. "ஓடைக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால், உங்கள் நிலம் ஓடை தொடங்கும் இடத்தில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பனை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுடையதில்லை.

அடுத்து புலப்படம். எஃப்.எம்.பி. என்று சொல்வது இதைத்தான். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம். பழைய படங்களில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதற்குள் 100 லிங்க். ஒரு லிங்க் என்பது கிட்டத்தட்ட 8 அங்குலம். புதிய படங்களில் மீட்டர். இது தெரியாமல் லிங்க் கணக்கை அடி என்று எடுத்துக்கொண்டு கயிறு பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கைப்பேசியில் தெரியும் வரைபடத்தை வைத்து எல்லை பார்ப்பது அதைவிட மோசம். அந்தப் புள்ளி சில மீட்டர் அப்படி இப்படி நகரும். வேலித் தகராறு எல்லாமே அந்தச் சில மீட்டருக்குள்தானே நடக்கிறது!

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடுங்கள். எங்கள் பக்கம் கரிசல் மண். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். கல் சாயும், புதையும். டிராக்டர் கலப்பை இடித்துப் பெயர்ந்த கல்லை யாரோ வரப்பு ஓரமாக நட்டு வைத்திருப்பார். கல் இருக்கிறது என்பதற்காகவே அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லையைக் காட்டித் தர வேண்டியவர் அரசு நில அளவர். கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் அண்டை நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு கொடுத்துவிட்டு வந்து அளப்பார். அந்த அறிவிப்புதான் முக்கியம். பக்கத்துக்காரர் வெளியூர் போயிருக்கும்போது தனியார் ஆளை வைத்து அளந்து கல் நட்டால், அது சண்டைக்கு நட்ட கல்லாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். கூட்டுப் பட்டா நிலமாக இருந்தால் உங்கள் பங்கு எது என்று எந்தப் புலப்படத்திலும் இருக்காது. சர்வே எண்ணின் வெளி எல்லைதான் இருக்கும். உள்ளே அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட வரப்புதான் எல்லை. அங்கே வேலி போடுமுன் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட வேண்டும். அதற்கு ஆகும் அலைச்சல் ஒரு வருஷம் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். பாகப்பிரிவினை வழக்குக்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அளந்து முடித்த பிறகு என் யோசனை, எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு அடி உங்கள் பக்கம் தள்ளி வேலியைப் போடுங்கள். கல் வேலிக்கு வெளியே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கட்டும். கிளை கழிக்கவும் கம்பி இழுக்கவும் உங்கள் மண்ணிலேயே நின்றுகொள்ளலாம். ஆனால் விட்ட இடத்தை அப்படியே மறந்துவிடவும் கூடாது. தனியார் நிலத்தை ஒருவர் தன்னுடையது என்று வெளிப்படையாக 12 வருஷம் அனுபவித்துவிட்டால் உரிமை கேட்க வழி இருக்கிறது. ஆகையால் "இன்ன இடத்தில் கல், இரண்டு அடி உள்ளே வேலி" என்று ஒரு தாளில் வரைந்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு தண்ணீரைக் கேளுங்கள்

வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் நம் வெள்ளாறு. தொழுதூர் அணைக்கட்டில் இருந்து ஒரு பங்கு வெலிங்டன் ஏரிக்குப் போகிறது. மிச்சம் திட்டக்குடி, பெண்ணாடம் வழியாக இறங்குகிறது. கல்வராயன் மலையில் இருந்து வரும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தாண்டிக் கூடலையாற்றூரில் அதோடு சேர்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி இரண்டும் மணலாகத்தான் கிடக்கும். அதனாலேயே மனிதர்களுக்கு ஆறு மறந்துபோகிறது. கோடையில் மனை பார்க்க வருகிறவருக்குக் கண்ணில் படுவது மேடும் பள்ளமுமான தரிசு. அந்தப் பள்ளம் ஐப்பசியில் என்னவாகும் என்று யாரும் சொல்வதில்லை. விற்கிறவர் சொல்லவே மாட்டார்.

சங்கிலி வலை வேலி தண்ணீருக்கு வழிவிடும் என்றுதான் நினைக்கிறோம். ஓட்டை ஓட்டையாகத்தானே இருக்கிறது? முதல் அரை மணி நேரம் வழிவிடும். பிறகு வெள்ளத்தில் வரும் மக்காச்சோளத் தட்டை, சீமைக்கருவேல் முள், வைக்கோல், பிளாஸ்டிக் பை எல்லாம் வலையில் வந்து அப்பிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் அது வலை இல்லை, சுவர். தண்ணீர் மேலே இருக்கிறவர் கொல்லையில் தேங்கும். அழுத்தம் தாங்காமல் வேலி சாயும்போது தேங்கியது அத்தனையும் ஒரேயடியாகக் கீழே இருக்கிறவர் வீட்டுக்குள் போகும். வேலிக்காரருக்குக் கம்பி நஷ்டம். மேலே இருந்தவருக்குப் பயிர் நஷ்டம். கீழே இருந்தவருக்கு வீடு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரை புரண்டு நம் மாவட்டத்துக்குள் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பேராற்று வெள்ளத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் ஊருக்குள் தண்ணீர் வடியாமல் நின்ற இடங்களில் எத்தனை இடம் ஓடையையும் வாரியையும் மறித்ததால் நின்றது என்பதை ஒவ்வோர் ஊர்க்காரரும் எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? இங்கிலாந்தில் முக்கிய ஆற்றுக்கரையிலிருந்து 8 மீட்டருக்குள் எதைக் கட்டுவதானாலும் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி பற்றி முதலில் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் வெள்ளப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீட்டு வேலியும்கூட "கட்டுமானம்" என்ற கணக்கில் வந்துவிடும், உள்ளூர் அனுமதி வேண்டும். காரணம் நான் மேலே சொன்னதேதான். குப்பை அப்பிய வேலி அணைக்கட்டாகிவிடும்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்பார்கள், அன்றைக்கே சொல்லிவிட்டது: மேல் நிலத்தில் பெய்கிற மழை இயல்பாகக் கீழ் நிலத்துக்கு வடிய, கீழ் நிலத்துக்காரர் இடம் கொடுக்க வேண்டும். ஓடை, வாய்க்கால், ஆற்றுப் புறம்போக்கில் வேலி போட்டால் அது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வரும். ஏரிகளுக்கென்று 2007இல் தனிச் சட்டமே வந்தது. அதற்கு முன்பு 2005இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னதும், 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டதும் நாம் அறிந்ததே. "எல்லாரும்தான் ஓடையில போட்டிருக்காங்க" என்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரு மழைக்காலம் பொறுங்கள். நிலம் வாங்கி முதல் ஐப்பசி கார்த்திகையில் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று குச்சி நட்டு வையுங்கள். அந்த இடங்களில் வேலி வராது. ஆடு மாடு புகுந்துவிடும் என்றால் மேலே ஒரு கம்பியைக் கட்டி, அதில் தட்டியைத் தொங்க விடுங்கள். வெள்ளம் வந்தால் தட்டி தானாகத் தூக்கிக்கொள்ளும், வடிந்ததும் இறங்கிவிடும். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஓடை தாண்டும் இடத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். மூங்கிலும் கயிறும் இருந்தால் நாமும் செய்யலாம்.

ஆற்றைப் பார்த்த பக்கத்துக்கு வெட்டிவேரை விட நல்ல வேலி எனக்குத் தெரியவில்லை. வேர் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாக இறங்கும். வரிசையாக நட்டால் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வடிய விடும். கர்நாடகத்தில் மைசூர் பக்கம் குண்டலுப்பேட்டை உழவர்கள் காலங்காலமாக வயல் எல்லையில் வெட்டிவேர் நட்டு வந்தார்கள். 1980களில் உலக வங்கி நிபுணர்கள் அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். வெட்டிவேர் விளையும் மாவட்டத்தில் இருக்கிற நாம் ஆற்றங்கரையில் கான்கிரீட் கால் நட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேளுங்கள்

"என் நிலம், என் பட்டா, நான் ஏன் இன்னொருத்தரக் கேக்கணும்?" என்று கேட்கலாம். உரிமைப்படி சரிதான். ஆனால் உங்கள் வரப்பில் அவர் இருபது வருஷமாக வண்டி ஓட்டி வந்திருந்தால்? இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு 20 வருஷம் பயன்படுத்திய பாதைக்கு அதே 1882ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழியே இல்லை என்றால், அவசியத்தின் பேரில் வழி கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. புலப்படத்தில் பாதை இல்லை என்பதால் மட்டும் பாதை இல்லை என்று ஆகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், நம் பிழைப்பைப் பாருங்கள். எங்கள் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும்தான் அதிகம். இரண்டுக்கும் மருந்து அடிக்கிறார்கள், களைக்கொல்லியும் தெளிக்கிறார்கள். காற்றில் அந்தச் சாரல் நம் கொல்லைக்கு வரக் கூடாது என்றால் நமக்குப் பக்கத்துக்காரரின் தயவு வேண்டும். உயிர்மச் சான்று வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆய்வுக்கு வருகிறவர் எல்லையில் தடுப்பு இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். நாம் அவர் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டு, "காத்து இந்தப் பக்கம் அடிக்கிறப்ப மருந்து அடிக்காதீங்க" என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வேலி விஷயத்தில் நாம் இரண்டு அடி விட்டுக்கொடுத்தால், மருந்து விஷயத்தில் அவர் ஒரு நாள் தள்ளிப் போடுவார். ஊர் நடப்பு இப்படித்தான்.

கிடை போடுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆட்டுக்கிடை போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இயற்கை உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி ஒற்றைக் கதவு வைத்த கொல்லைக்குள் முன்னூறு ஆடு எப்படிப் போகும்? அகலமான படல் ஒன்று, திறந்தால் மந்தை நுழையும்படி, கட்டாயம் இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு ஒன்றும் பார்த்துவிடுவோம். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கர் 66 அடி அகலம், 660 அடி நீளம் என்று நாடா மாதிரி இருந்தால் சுற்றளவு 1,452 அடி. நம் ஊர்ப் பங்குகள் பெரும்பாலும் நாடாதான். வேலிச் செலவு நிலத்தின் பரப்பைப் பொறுத்தது இல்லை, அதன் வடிவத்தைப் பொறுத்தது.

இப்போது, ஒட்டி இருக்கும் நான்கு பேர் ஆளுக்கு ஒரு சதுர ஏக்கரைத் தனித்தனியாக வேலி கட்டினால் மொத்தம் 3,340 அடி. எட்டு அடிக்கு ஒரு கால் என்றால் நானூற்றுச் சொச்சம் கால். நான்கு பேரும் சேர்ந்து வெளியே மட்டும் சுற்றினால் 1,670 அடி, இருநூற்றுச் சொச்சம் கால். சரிபாதி. உள்ளே பழைய வரப்பே போதும். காட்டுப்பன்றிக்கு உங்கள் பட்டா எண் தெரியாது. அது நான்கு கொல்லைக்கும்தான் வரும். நான்கு பேரும் சேர்ந்தே தடுக்கலாம். பேசுவதற்கு ஆகும் செலவு ஒரு டீ.

கடைசியாக அலுவலகம்

ஊருக்கு வெளியே உங்கள் சொந்தக் கொல்லையைச் சுற்றி முள்ளோ கம்பியோ கட்டுவது ஒரு கதை. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ வீட்டைச் சுற்றித் தெருவை ஒட்டிச் சுவர் எழுப்புவது வேறு கதை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நகரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கிராம ஊராட்சிக்கும் அவைதான். புதுவீடு கட்ட அனுமதி வாங்கும்போதே சுற்றுச்சுவரையும் வரைபடத்தில் காட்டிவிடுவது எளிது. பழைய வீட்டுக்குப் புதிதாகப் போடுவதென்றால் புலப்பட நகல், பட்டா, வேலி வரும் கோட்டைச் சிவப்பில் குறித்த வரைபடம் மூன்றையும் இணைத்து, என்ன பொருள், எவ்வளவு உயரம், எதை ஒட்டி என்று எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "போடுங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று வாயால் சொன்னவர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போயிருப்பார். நிலம் ஆற்றையோ ஏரியையோ வாய்க்காலையோ ஒட்டியிருந்தால் நீர்வளத் துறை, வருவாய்த் துறை இரண்டிடமும் புறம்போக்கின் எல்லையைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மின்வேலி பற்றி ஒரு வார்த்தை. மின்வாரிய இணைப்பிலிருந்து நேராகக் கம்பியில் கரண்ட் விடுவது வேலியே இல்லை, தூக்குக் கயிறு. பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்துக் கொல்லைக்காரரும், சில நேரம் வைத்தவரே கூடவும் செத்த செய்தியை நாம் வருஷா வருஷம் படிக்கிறோம். உயிர் போனால் கொலைக்கு அடுத்தபடியான குற்ற வழக்கு. சூரிய மின்வேலி விட்டு விட்டுத் துடிப்பாகத்தான் அதிர்ச்சி தரும். ஆனால் காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் அதற்கும் வனத்துறையின் அனுமதியும் பதிவும் வேண்டும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்துவிட்டது. விற்கிற கம்பெனிக்காரர் எல்லோரும் இதைச் சொல்வதில்லை.

எந்த வேலி?

நால்வரையும் கேட்டாயிற்று. இனி எந்த வேலி என்று பேசலாம்.

நம்மாழ்வார் ஐயா உயிர்வேலியை ஏன் வலியுறுத்தினார் என்பது இந்த இதழ் வாசகர்களுக்குத் தெரியும். காங்கேயம் பக்கம் கொரங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. மழை குறைந்த அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடு அதற்குள் மேய்கிறது. போத்து வெட்டி நட்டால் வருகிற மரம் கிளுவை. கம்பி துருப்பிடிக்கிற வயதில்தான் அது இறுகும்.

நம் பக்கத்துக்குக் கிளுவையோடு ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை, கொடுக்காப்புளி, களா, இலந்தை, நொச்சி, ஆடாதொடை எல்லாம் வரும். பனை இடையிடையே இருக்கட்டும். அதில் கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி ஏறிக்கொள்ளும். பேரிலேயே வேலி இருக்கிற செடி வேலிப்பருத்தி. கம்பி வேலி வந்த இடத்தில் அதையும் காணோம். கரிசலில் கல்லுக்கால் நான்கு மழையில் சாயும். வேர் விட்ட மரம் சாயாது.

"மூணு அடி அகலம் வீணாப் போகுமே" என்பார்கள். சதுர ஏக்கரில் சுற்றிலும் மூன்று அடி விட்டால் போவது ஐந்தரை சென்டுக்குச் சற்று மேல். அதில் தழை, ஆட்டுத் தீவனம், பழம், மூலிகை, காற்றுத் தடுப்பு, மருந்துச் சாரலுக்குத் திரை எல்லாம் கிடைக்கிறது. பயிர் செய்யும் ஐந்தரை சென்ட் இவ்வளவும் தருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர்வேலி எழும்ப மூன்று வருஷம் ஆகும் என்பது உண்மைதான். அதுவரைக்கும் உள்பக்கமாக வெட்டிய முள்ளை அடைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உயிர்வேலி என்றாலே நல்ல வேலி என்றும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வரிக்காக வட இந்தியாவின் குறுக்கே சுங்கக் கோடு ஒன்று போட்டு, பல நூறு மைல் தூரத்துக்கு முள்வேலியே வளர்த்தார்கள். 1867 முதல் 1870 வரை அதற்குப் பொறுப்பாக இருந்தவர், பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கிய ஏ.ஓ.ஹியூம். வெட்டிப் போட்ட காய்ந்த முள்ளைக் கரையான் தின்கிறது, நெருப்புப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு இலந்தை, களா, கருவேல், கள்ளி என்று உயிர்வேலியாக வளர்த்தவர் அவர். ஆடு மாடு மட்டுமா, மனிதனும் நுழைய முடியவில்லை. ஏழைகளின் கஞ்சிக்கு உப்பு போகவிடாமல் தடுத்த அந்த வேலியை 1879இல் கைவிட்டார்கள். நம் ஊர்ச் செடிகளை வைத்தே அப்படியும் ஒரு வேலி போட முடிந்திருக்கிறது. வேலி எதனால் ஆனது என்பதற்கு முன்னால், அது எதை மறிக்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் இயக்கம் என்ன செய்யலாம்?

தனியாள் ஒவ்வொருவரும் நல்லவராக இருந்தால் போதாது. ஊர் அளவில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

ஒன்று, ஊராட்சிக்கு உட்பட்ட ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாவற்றின் சர்வே எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் இவை இருக்கின்றன. பீரோவுக்குள் இருக்கிற வரைக்கும் யாருக்குப் பயன்? வெளியூரிலிருந்து நிலம் வாங்க வருகிறவரும் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு, வேலிக்கு மானியமோ கடனோ கொடுக்கும்போது வேலிக் கோடு குறித்த புலப்படம் கேட்க வேண்டும். ஓடையையும் பாதையையும் மறிக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் பார்த்துச் சொன்ன பிறகே பணம் போக வேண்டும். அதோடு, கம்பிக்கும் சோலாருக்கும் காட்டுகிற அக்கறையை உயிர்வேலிக்கும் காட்ட வேண்டும். நான்கு பேர் சேர்ந்து போடும் வேலிக்கு முன்னுரிமை தர வேண்டும்.

மூன்று, நம் இயக்கத்து உறுப்பினர்கள் முதலில் தங்கள் வேலியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் பரிந்து பேசுகிற நம்மில் ஒருவருடைய வேலி ஓடைக்குள் நின்றால், ஊரில் நம் பேச்சு எடுபடாது.

வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. முதல் கோரிக்கையை அன்றைக்கே தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஐந்து பேர் எழுந்து நின்று கேட்டால் போதும்.

பங்குனி சித்திரையில் கொல்லை காலியாக இருக்கும், கல் கண்ணுக்குத் தெரியும், பக்கத்துக்காரரும் சும்மா இருப்பார். அளவுக்கு அப்போது விண்ணப்பம் போடுங்கள். ஆடிக்குள் எல்லை முடிந்துவிட்டால் மழை ஈரத்தில் போத்து நடலாம். கிளுவைப் போத்து கிடைக்காதவர்கள் வேலி வைத்திருக்கும் நண்பர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கழிக்கும்போது வெட்டிக் கொடுப்பார்கள்.